என் மேல் விழுந்த சொல்

இரண்டு வருடங்களுக்கு முன், சித்திரை மாதத்து ஒரு காலை. தாம்பரத்தில், ஜி.எஸ்.டி. சாலையோரப் பேருந்து நிறுத்தத்தில் நடந்தது இது.

அரசுப் பணியில் காலமெல்லாம் விதிகளைப் படித்து, பிறருக்கும் விளக்கி ஓய்வு பெற்றவன் நான். ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு போக வேண்டும் என்பது விதி. போனேன். இன்சுலின் ஊசியை உரிய நேரத்தில் போட வேண்டும் என்பதும் விதி. போட்டுக்கொண்டேன். இரண்டு விதிகள் மோதினால் என்ன செய்வது என்று அலுவலகத்தில் வகுப்பே எடுத்திருக்கிறேன். என் உடம்பு அந்த வகுப்புக்கு வரவில்லை போலும்.

பரிசோதனைக் கூடத்தில் நெடுநேரம் காத்திருந்து ரத்தம் கொடுத்துவிட்டு, ஊரப்பாக்கத்துக்குப் போய்ச் சாப்பிடலாம் என்று பேருந்துக்கு நின்றேன். கை நடுங்கியது. கால் பின்னியது. பக்கத்தில் நின்றவரிடம் உதவி கேட்க வாய் திறந்தால் நாக்கு குழறியது. அப்படியே நிழற்குடைத் தூணில் சரிந்து தரையில் விழுந்தேன். சர்க்கரை இறங்கினால் வாயில் போட்டுக்கொள்ளச் சட்டைப் பையில் மிட்டாய் இருந்தது. கைதான் அங்கே போகவில்லை.

ஆனால் காது நன்றாகக் கேட்டது.

“காலங்காத்தாலயே ஏத்திக்கினு வந்துட்டான் பாரு. நீ இந்தப் பக்கம் வாடி” என்று ஒரு பெண்மணி மகளை இழுத்துக்கொண்டார்.

“குடிகாரன்னா மூஞ்சிலயா எழுதி இருக்கும்? இஸ்திரி சட்டைக்கு ஒண்ணும் கொறச்சலில்ல” என்றார் இன்னொருவர்.

விளக்கம் கேட்டு நோட்டீஸ் இல்லை, விசாரணை இல்லை. நேரே தீர்ப்பு. குடிகாரன் என்பது வெறும் தகவல் போலத்தான் ஒலிக்கிறது. அதைத் தன் மேல் வாங்கியவனுக்குத்தான் அதற்குள் இருக்கும் உத்தரவு கேட்கும்: தொடாதே, போய்க்கொண்டே இரு. எல்லாரும் கீழ்ப்படிந்தார்கள். பேருந்து ஒன்று வந்தது. ஏற வேண்டியவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போய் ஏறினார்கள். கண் இருண்டுகொண்டு வந்தது. இப்படியே முடிந்துவிடும் என்று தெரிந்தது. அதைவிட, இந்தப் பெயரோடு முடியப்போகிறதே என்று இருந்தது.

அப்போது ஒருவர் தள்ளாடியபடி வந்து என் அருகே குந்தினார். முந்தைய இரவு அவருக்கு இன்னும் இறங்கவில்லை என்பதை அவர் மூச்சே சொன்னது. என் முகத்தருகே மூக்கைக் கொண்டுவந்தார்.

“இன்னா பாத்துகினு நிக்கிறீங்க? அவரு குடிக்கல. பெரியவருக்கு ஒடம்பு முடியல!”

“நீயே ஃபுல்லா கீற, நீ சர்டிபிகேட் குடுக்குறியா?” என்று யாரோ சிரித்தார்.

“பின்ன? என்னைவிட எவனுக்குத் தெரியும்? சட்டை எப்படி வேர்வையில நனைஞ்சு கீது பாருய்யா. சக்கரை கொறைஞ்சா இப்டித்தான். யாராச்சும் இனிப்பா எதனா குடுங்க. பெரியவரே, கண்ண மூடாத!”

பெரியவர் என்ற அந்தச் சொல் விழுந்ததும் கூட்டம் மாறியது. “ஐயோ, பாவம்” என்றார் மகளை இழுத்துக்கொண்ட அதே பெண்மணி. மகளின் பையிலிருந்த மாம்பழ ஜூஸ் டப்பாவை அவரே பிரித்து நீட்டினார். இஸ்திரியைப் பற்றிப் பேசியவர் அந்தச் சட்டையின் பொத்தானையே அவிழ்த்து விசிறிவிட்டார். தள்ளாடி வந்த அந்த மனிதர் என் தலையை மடியில் தாங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தார். நான் அதே ஆள்தான், கிடந்ததும் அதே தரைதான்.

சற்று நேரத்தில் அவரே என்னைத் தூக்கி உட்கார வைத்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க இல்லன்னா போயிருப்பேன் தம்பி” என்றேன்.

“நீ பொழைச்சுக்கின சார். நான் வுழுந்தா ஜூஸ் வராது” என்று சிரித்தார். அவர் அதை வருத்தமாகச் சொல்லவில்லை. என்னை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, கையை ஆட்டிவிட்டுப் போனார்.

நடந்ததைக் கேட்ட என் மனைவி, “யாரோ ஒரு குடிகாரனா காப்பாத்தினான்?” என்று கண் கலங்கக் கேட்டாள். ஆமாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊரார் என் மேல் போட்ட சொல்லை எடுத்தெறிந்தவர் அவர். அதை அவர் மேல் போட என்னால் முடியாது. இன்றுவரை எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர், ‘என்னைத் தூக்கி உட்கார வைத்தவர்’ என்பதுதான்.