நெற்றியில் இருந்த கயிற்றுத் தடம்

1956 தை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், நானும் என் மனைவி மீனாட்சியும் இலங்கை மலையகத்து ஹட்டனில் ஒரு ஸ்டூடியோவில் படம் எடுத்துக்கொண்டோம். நான் தோட்டப் பாடசாலை ஆசிரியன். அவள் தேயிலைக் கொழுந்து பறிப்பவள். கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிப் பல வருடம் சுமந்ததில் அவள் நெற்றியில் ஒரு தடம் விழுந்திருந்தது.

"நெகட்டிவ்ல பென்சில் வச்சா அது மறைஞ்சிரும், மாஸ்டர்" என்றார் படக்காரர்.

இந்தியாவில் இருக்கும் என் அக்காவுக்கு அனுப்பும் படமாயிற்றே என்று, "முகத்தையே வழவழன்னு ஆக்கிருங்க" என்றேன்.

படத்தைப் பார்த்து மீனாட்சி சிரித்தாள். "யாருங்க இவ? எனக்குத் தெரியாம ரெண்டாந்தாரம் கட்டிட்டீங்களா?"

மறு வருடம் மாசியில் அவள் காய்ச்சலில் இறந்துபோனாள். அக்காவுக்கு அனுப்பியது போக எங்களிடம் இருந்த அந்த ஒரு பிரதியைத் தவிர வேறு படம் இல்லை. தனியே அதைப் பார்த்தால் யாரோ ஒருத்திதான் தெரிகிறாள். பென்சிலை அழித்து மறுபடி அச்சிடலாமென்று, நெகட்டிவைத் தேடி ஸ்டூடியோவுக்குப் போனேன்.

"பழசையெல்லாம் தூக்கிப் போட்டாச்சே, மாஸ்டர்."

இப்போது குடியுரிமை மனுவுக்குப் படம் எடுக்கத் தோட்டத்தாரை அழைத்துப் போகும்போதெல்லாம், "தூசிப் புள்ளிய மட்டும் எடுங்க, மூஞ்சியத் தொடாதீங்க" என்று படக்காரரிடம் சொல்லிவிடுகிறேன். மீனாட்சி படத்தின் பின்புறம் தேதி போட்டு ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன்: நெற்றியில் கயிற்றுத் தடம் உண்டு.