காற்று நின்ற நாளில் நோல்ஃபா

நோல்ஃபா பார்ரியா போன கோடைவரை எங்கள் முகாமின் ஆசிரியை. இந்தக் கோடையில் சமையல்காரி. இடையில் நடந்ததைச் சொல்ல ஒரு வரி போதும்: பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அண்டார்டிக்காவில் எங்கள் முகாம் ஒரு சொட்டு டீசல் இல்லாமல் காற்றாடியிலும் சூரியத் தகட்டிலும் ஓடுகிறது. அதைக் கற்றுக்கொள்ளத்தான் கல்லூரிப் பிள்ளைகள் கப்பலேறி வருகிறார்கள். சிலோயே தீவுக்காரி நோல்ஃபா பாடம் எடுத்தால், படகோட்டியான நானும் பின்வரிசையில் போய் உட்கார்ந்துவிடுவேன். "ஃபோனுக்கு சார்ஜ் வேணுமா? வந்து டைனமோ சக்கரத்தைச் சுத்துங்கடா. தோள்பட்டை விட்டுப்போனாத்தான் கரண்டோட அருமை தெரியும்" என்பாள்.

போன வருடம் பனிப்புயலில் யாரோ மின்கலப் பெட்டியின் மூடியைத் திறந்து போட்டுவிட்டார்கள். கலங்கள் உறைந்து வெடித்தன. பயணத் தலைவர் தோன் கஸ்பார் பிள்ளைகளைக் கூட்டிவைத்து, "கடைசியாத் தொட்டது டீச்சர்தான். தீவுக்காரங்களுக்கு வீட்டுக் கதவையே சாத்திப் பழக்கமில்லையே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். "நான் மூடினேன்" என்று அவள் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. வேலை போனது. ஊரிலும் 'பெட்டியை உறைய விட்ட டீச்சர்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. எந்தப் பள்ளியும் அவளைச் சேர்க்கவில்லை.

பிறகு கஸ்பார் தன் பயணப் படத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். அவளுடைய ஊரான அங்கூதுக்கும் வந்தார். படத்தில் புயல் தொடங்குகிறது, அவர் பல்லைக் காட்டிக்கொண்டு பேசுகிறார். அவர் முதுகுக்குப் பின்னால் பெட்டி வாயைப் பிளந்து கிடக்கிறது. அதிலிருந்து, சார்ஜுக்குச் செருகிய அவர் கேமராவின் மஞ்சள் ஒயர் தொங்குகிறது. எங்கே பார்ப்பது என்று தெரிந்தவள் அந்த அரங்கில் அவள் ஒருத்திதான்.

"எல்லாரும் கை தட்டினாங்க லிசார்தோ, நானும் தட்டினேன். தட்டுறப்பவே முடிவு பண்ணிட்டேன்" என்றாள் என்னிடம்.

"அங்கயே எழுந்து கத்தியிருக்கலாமே!"

"கத்தினா பைத்தியம்னுவாங்க. அவர் வாயாலயே வரணும்."

சமையல் வேலைக்கு எழுதிப்போட்டாள். "பாவம், பிழைச்சுப் போகட்டும்" என்று கஸ்பார் சேர்த்துக்கொண்டார். அந்தப் பெருந்தன்மையை வந்தவன் போனவனிடமெல்லாம் சொல்லியும் காட்டினார். சமையலறைக் கதவுக்கு மேல் அவரே பெயிண்டால் எழுதிய விதி ஒன்று உண்டு. காற்றும் வெயிலும் சேர்ந்து கைவிட்ட நாளில், மின்கலத்தில் மிச்சமிருப்பது முதலில் அடுப்புக்கு. அன்று மின்சாரச் சாவி சமைப்பவர் கழுத்தில் இருக்கும். வருகிறவர்களிடம் அதைக் காட்டி மீசையை நீவிக்கொள்வது அவர் வழக்கம். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்!

கோடை முழுக்கக் காற்று ஊளையிட்டது. நாங்கள் அது ஓயாமல் வீச வேண்டினோம். அவள் மாவைப் பிசைந்தபடி அது நிற்க வேண்டினாள்.

நின்றது. அதுவும் நாட்டின் பள்ளிகளுக்கெல்லாம் கஸ்பார் நேரலையில் பாடம் நடத்த வேண்டிய நாளில். மூடுபனி கம்பளிபோல் இறங்கி, காற்றாடி அசையாமல் நின்றது. கஸ்பார் சமையலறைக்கு வந்தார். பின்னால் பிள்ளைகள், நானும்தான்.

"சாவியைக் குடு நோல்ஃபா. நாடே காத்துக்கிட்டிருக்கு."

"அடுப்புல ரொட்டி வேகுது தலைவரே. எது முதல்லன்னு வாசல்ல எழுதியிருக்கு, உங்க கையெழுத்துதான்."

"விளையாடுறியா? ரொட்டியை நாளைக்குத் தின்னா செத்தா போயிடுவோம்?"

மிலேனா என்ற மாணவி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "விதின்னா விதிதான்னு நேத்துகூடச் சொன்னீங்களே, தலைவரே!"

அவர் முகம் சிவந்தது. மிரட்டினார், கெஞ்சினார், நாட்டுப்பற்றைப் பேசினார், மறுபடி மிரட்டினார். அவள் அடுப்புச் சூட்டில் குளிர்காய்ந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னதான் வேணும் உனக்கு?"

"பெட்டியைத் திறந்து போட்டது யாருன்னு கேமரா முன்னாடி சொல்லுங்க. முதல்ல அது. அப்புறம் பாடம்."

"அதுக்கு என்ன சாட்சி இருக்கு?"

"உங்க படமே இருக்கே. உங்க முதுகுக்குப் பின்னாடி தொங்குற மஞ்சள் ஒயரு யாருது?"

எனக்கு வந்த சிரிப்பை நான் அடக்கவில்லை. அந்தச் சிரிப்புக்காக ஒரு வருடம் காத்திருந்தவன் நான். கஸ்பார் மனதுக்குள் கணக்குப் போட்டது முகத்திலேயே தெரிந்தது. ஒரே வரி, பிறகு நீண்ட பாடம், கேட்டவர்கள் மறந்துவிடுவார்கள். தலையாட்டினார். அவள் சாவியைக் கழற்றிக் கொடுத்தாள்.

கேமரா முன்னால் அவர் வேகமாகச் சொன்னார்: "போன வருஷம் மின்கலப் பெட்டியைத் திறந்து வெச்சது நான்தான். பழியை நோல்ஃபா பார்ரியா டீச்சர் மேல போட்டேன். அவங்க மேல ஒரு தப்பும் இல்ல." பிறகு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, "சரி பிள்ளைங்களா, காத்து எப்படிக் கரண்டாகுதுன்னு..." என்று தொடங்கினார்.

விளக்கு அணைந்தது. கேமரா, திரை எல்லாம் செத்தன. அவர் வாதாடிய நேரமெல்லாம் அடுப்பு மின்கலத்தைக் குடித்துக்கொண்டுதான் இருந்தது.

சமையலறைக்குள் பாய்ந்து வந்தார். "நீ... தெரிஞ்சேதான் பண்ணினே!"

"ரொட்டி வெந்துடுச்சு தலைவரே. சூடா சாப்பிடுங்க."

நாடு முழுக்க எல்லாப் பள்ளிகளும் அன்று கேட்ட பாடம் அது ஒன்றுதான். அங்கூதிலும்தான் கேட்டார்கள். அந்தக் கோடையில் நோல்ஃபா வயிறாரச் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. அன்று விளக்கு அணைந்த சமையலறையில் உட்கார்ந்து, கலஃபாத்தே பழ ஜாமைத் தடவித் தடவி, ஒரு முழு ரொட்டியைத் தின்று தீர்த்தாள்.