அம்மாவின் மரண அறிவித்தல்

என் அண்ணனுக்கு நான் இன்றைக்கும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கனடாவிலிருந்து அழைப்பு வந்தால் கணவர்தான் எடுப்பார். அங்கே பனி, இங்கே மழை என்று இருவரும் கதைப்பார்கள். நான் அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விடுவேன். வயது போன காலத்தில் இன்னும் என்ன கோபம் என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். கேட்கிற ஒருவரும் அப்போது எங்கள் வீட்டில் இருந்தவர்கள் அல்ல.

சண்டை மறுபடி தொடங்கி, வடக்குக்குப் போகும் பாதையைப் பூட்டிவிட்ட காலம். கண்டியில் மலைச்சரிவில் இருந்த ஒரு வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். கணவருக்குப் பல்லேகலவில் ஒரு தொழிற்சாலையில் வேலை, எனக்கு அரசாங்கக் கந்தோரில். கீழே வீட்டுக்காரி, மரியாதையான சிங்கள மனுஷி. பாதை பூட்டுவதற்குச் சற்று முன் என் தம்பி கிளிநொச்சியிலிருந்து எங்களிடம் வந்து சேர்ந்தான். அவன் ஒரு குற்றமும் செய்யவில்லை. இளம் வயது, அடையாள அட்டையில் பிறந்த இடம் கிளிநொச்சி. ஒருவனை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போக அந்த நாட்களில் அதுவே போதும். விசா கிடைத்து அவன் வெளிநாடு போகும்வரை எங்களுடன் இருப்பது எவருக்கும் தெரியக்கூடாது என்று முடிவெடுத்தேன். வீட்டில் தங்குகிற தமிழரைப் பொலிஸில் பதியவேண்டும் என்பது சட்டம், அவனைப் பதியவில்லை. வீட்டுக்காரியிடம், ஹட்டனிலிருந்து வந்த கணவரின் மருமகன் என்று வேறொரு பெயரைச் சொல்லிவைத்தேன்.

கணினி வாங்கியதே அவனுடைய விசா அலுவலுக்குத்தான். அதற்கு நான் காவல் இருந்தேன் என்றே சொல்லலாம். கடவுச்சொல் எனக்கு மட்டும்தான் தெரியும். பார்த்த பக்கங்களின் சுவட்டை அன்றன்றே அழித்தேன். தம்பியின் படம் ஒன்றையும் அதில் விட்டுவைக்கவில்லை. கணவருக்கு ஒரு கெட்ட பழக்கம். பத்துப் பேருக்கு அனுப்பினால் நல்லது நடக்கும் என்று வருகிற சாமிப்படங்களையெல்லாம் திறந்து பார்த்து, ஊர் முழுக்க அனுப்பிவிடுவார். வைரஸ் இப்படித்தான் வீட்டுக்குள் வருகிறது என்று அவரைப் பேசாத பேச்செல்லாம் பேசி நிறுத்தினேன். வேலை முடிந்ததும் இணைய வயரைக் கழற்றி அலுமாரியில் வைத்துப் பூட்டுவேன். நகையைவிட அந்த வயருக்குத்தான் அக்கா பயப்படுகிறாள் என்று தம்பி பகிடி பண்ணுவான்.

அந்த மழைக்காலத்தில் அம்மா கிளிநொச்சியில் செத்துப்போனார். நாங்களும் போக முடியாது, அண்ணனும் வர முடியாது. அயலட்டைச் சனம் எடுத்துப்போய் எரித்தார்கள். அம்மாவின் முகத்தை நாங்கள் மூவருமே பார்க்கவில்லை. அந்தத் துக்கத்தை ஆற்ற அண்ணன் கண்டுபிடித்த வழி, இணையத்தில் ஒரு மரண அறிவித்தல்.

எங்கள் ஆட்களின் மரண அறிவித்தல் எப்படியிருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். செத்தவரின் பிறப்பிடம், வதிவிடம், அவருடைய தாய் தகப்பன் பெயர், பிள்ளைகள் ஒவ்வொருவரின் பெயர், பக்கத்தில் அவர்கள் இருக்கும் ஊர். ஒன்றையும் விடமாட்டார்கள். அண்ணனும் விடவில்லை. தம்பியின் முழுப்பெயரைப் போட்டு, பக்கத்தில் கண்டி என்று போட்டிருந்தான். தொடர்புகளுக்கு என்று கீழே எங்கள் வீட்டுத் தொலைபேசி எண், என் மின்னஞ்சல் முகவரி. மேலே அம்மாவின் படம், பக்கத்தில் எரிகிற விளக்கு.

எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதல் நாள் துக்கம் விசாரித்து அழைப்புகள் வந்தபோதுதான் விஷயமே தெரிந்தது. அடுத்த நாள் காலை ஒரு ஆண் குரல் வந்தது. நல்ல தமிழ், எங்கள் ஊர்த் தமிழ். தம்பியின் பெயரைச் சொல்லி, வீட்டில் நிற்கிறாரோ, துக்கம் விசாரிக்க வேண்டும் என்றது. அப்படி ஒருவரும் இங்கே இல்லை என்றேன்.

"கண்டி எண்டுதானே போட்டுக் கிடக்கு," என்றான் அவன். பிறகு வைத்துவிட்டான்.

அண்ணனுக்கு உடனே அழைத்துக் கத்தினேன். தம்பியின் பெயரை எடுங்கள் என்றேன். அவனுக்கு விளங்கவில்லை, அல்லது விளங்க விருப்பமில்லை.

"பெத்த பிள்ளையின்ர பேரை விட்டுட்டுப் போட ஏலுமே? சனம் என்ன கதைக்கும்? முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியட்டும், எடுக்கச் சொல்லுறன்."

பனிக்குள் பாதுகாப்பாக உட்கார்ந்துகொண்டு சனம் என்ன கதைக்கும் என்று யோசிக்கிறான். எனக்கு அப்போது அவன் மேல் வந்த வெறுப்பு இன்றும் அப்படியே இருக்கிறது.

அந்த வாரமே என் மின்னஞ்சல் பெட்டி திறக்க மறுத்தது. கடவுச்சொல் பிழை என்றது. நான் மாற்றவில்லை. கொஞ்ச நேரத்தில் எனக்கு விளங்கிவிட்டது. கடவுச்சொல் மறந்தால் அது ஒரு கேள்வி கேட்கும், தாயாரின் கன்னிப்பெயர் என்ன என்று. எங்களுக்கு அது அம்மாவின் தகப்பன் பெயர். அதைத்தான் விடையாகக் கொடுத்திருந்தேன். உலகம் முழுக்கப் பார்க்கும்படி அறிவித்தலில் அந்தப் பெயர் இருந்தது. வயரைப் பூட்டிவைத்த அலுமாரியால் என்ன பிரயோசனம்? பெட்டிக்குள் தம்பியின் கடவுச்சீட்டுப் பிரதி இருந்தது. எந்த நாள் கொழும்பில் விசா நேர்முகத்துக்கு வரவேண்டும் என்ற கடிதமும் இருந்தது.

அந்த நாள் வந்தபோது, போகாதே என்று தம்பியைத் தடுத்தேன். இன்னொரு நாள் தரமாட்டினம் அக்கா என்றான். காலை ரயிலுக்கு, குடையையும் கோப்பையும் எடுத்துக்கொண்டு, போட்டு வாறன் என்று சொல்லிப் படியிறங்கினான். கொழும்பில் அவனைக் கூட்டிப்போகக் காத்திருந்த சொந்தக்காரர்கள் மாலையில் அழைத்து, ஏன் அவன் வரவில்லை என்று கேட்டார்கள்.

முறைப்பாடு கொடுக்கப் போனோம். எழுதிக்கொண்டவர், இப்படி ஒரு ஆள் உங்கள் வீட்டில் இருந்ததற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார். பொலிஸ் பதிவு இல்லை. வீட்டுக்காரி பொய் சொல்லத் தெரியாதவள், அந்தப் பெயரில் எவரையும் தெரியாது என்று சொல்லிவிட்டாள். கணினியில் ஒரு படமும் ஒரு கடிதமும் இல்லை, எல்லாவற்றையும் நானே துடைத்திருந்தேன். மின்னஞ்சல் பெட்டி வேறு யாரோ ஒருவரின் கையில். தம்பியின் பெயரும் கண்டி என்ற ஊரும் சேர்ந்து இருந்த ஒரே இடம் அந்த அறிவித்தல்தான். அதை அச்சடித்துக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். என் தம்பி உயிரோடு எங்கள் வீட்டில் இருந்தான் என்பதற்கு நான் காட்டியது ஒரு மரண அறிவித்தலை.

அந்தியேட்டி முடிந்ததும் அண்ணன் அழைத்தான். அன்றைக்கு அழைப்பை எடுத்தது நான். அழுதுகொண்டே, அறிவித்தலை இப்போதே எடுக்கச் சொல்லட்டோ என்று கேட்டான்.

"அதிலை கை வையாதேங்கோ," என்றேன். "அவன் இஞ்ச இருந்தான் எண்டு சொல்லுறதுக்கு வேற ஒண்டும் இல்லை."

அதற்குப் பிறகு அவனுடன் நான் பேசவில்லை. அறிவித்தல் இன்னும் இணையத்தில்தான் இருக்கிறது, எங்கள் தொலைபேசி எண்ணோடு. வீடு மாறினாலும் அந்த எண்ணை நாங்கள் மாற்றவில்லை.