இது சவுக்கு அல்ல

குவைத்தில் இருபத்திரண்டு வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு என் கணவர் ஊரோடு வந்தபோது, உடம்பில் சர்க்கரையும் மனதில் ஒரு பைன் மரமும் இருந்தன. உலகத்திலேயே அபூர்வமான ஜாதியாம். ஊட்டி நர்சரிக்காரர் ஒருவரிடம் சொல்லிவைத்து வாங்கி, எங்கள் ஆவூர் வெயிலில் வாசலோரம் தொட்டியில் வைத்தார். இடுப்புயரம் வந்தது.

வீட்டுக்கு வந்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல், "சவுக்கு நல்லா வந்திருக்கே!" என்றார்கள். கிறிஸ்துமஸுக்குச் சவுக்குக் கிளையை வெட்டி, மணல் வாளியில் நட்டு, நட்சத்திரம் கட்டுகிற ஊர். வேறென்ன சொல்வார்கள்? இவருக்கு முகம் சுண்டிவிடும். கடைசியில் ஒரு தகரத்தில் 'இது சவுக்கு அல்ல' என்று பெயிண்டில் எழுதித் தொட்டியில் மாட்டினார். அதன் பிறகு எல்லாரும் நின்று படித்துவிட்டு, "சவுக்கு இல்லையா?" என்று கேட்டார்கள். நான் அடுப்படிக்குப் போய்ச் சிரித்துவிட்டு வருவேன்.

பங்குனிக் கடைசியில் அந்த மரத்தில் ஒரு கொண்டைக்குருவி கூடு கட்டியது. கரண்ட் கம்பியிலும் முருங்கையிலும் நாள் முழுக்கப் பாடித் திரிகிற அதே குருவிதான். அபூர்வம் என்று அதற்கு யார் போய்ச் சொல்வது? சித்திரையில் மூன்று குஞ்சுகள் பொரித்தன. அந்த மரத்தால் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் விடிகாலையில் கேட்ட அந்தப் பாட்டு. மரம் ஒரு நாளாவது வாயைத் திறந்திருக்குமா?

வெயிலில் மரத்தின் நுனி கருகியது. தொட்டியைக் கொல்லைப்பக்க நிழலுக்கு நகர்த்தக் குனிந்தார்.

"குஞ்சு இன்னும் கண்ணே தெறக்கல. எடத்த மாத்துனா தாய் தேடி வராதுங்க."

"இந்த மரம் செத்தா வேற கெடைக்காது. குருவி ஊரெல்லாம் கெடக்கு."

"நானும் ஊரெல்லாம் கெடக்குற சாதிதான். அதான் இருவத்திரெண்டு வருசம் இங்கிட்டே போட்டு வச்சிருந்தீங்களோ?"

வாய் முந்திக்கொண்டது. அவர் தொட்டியிலிருந்து கையை எடுத்தார். உள்ளே போய்க் குடையைக் கொண்டுவந்து மரத்துக்குப் பிடித்தார். கம்பியில் தாய்க்குருவி, வாயில் புழுவோடு, இறங்காமல் உட்கார்ந்திருந்தது.

"நீங்க நிக்கிற வரைக்கும் அது வராது."

அரைமணி நேரம் வீம்புக்கு நின்றார். பிறகு குடையை மடக்கிக்கொண்டு வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தார். குருவி இறங்கியது.

பத்து நாளில் குஞ்சுகள் பறந்தன. மரம் பாதிக்கு மேல் கருகியிருந்தது.

"என்ன நெனக்கிற, பொழைக்குமா?" என்றார். கல்யாணமான நாளிலிருந்து எதிலும் என் அபிப்பிராயத்தைக் கேட்டவரில்லை அவர்.

"பொழைக்காது," என்றேன், கொஞ்சமும் தயவில்லாமல்.