ஒரு கால் சுற்று

அவன் மூடிய பாட்டிலை அவனேதான் திறக்க வேண்டும். அவன் வேலைக்குப் போன பிறகு எண்ணெய் வேண்டுமென்றால் மனைவி பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி கடன் வாங்குவாள். வீட்டுக் குழாய்களுக்கு வாஷர் மாற்றி மாளவில்லை. மாமியாரின் கண்ணாடியில் குட்டி ஸ்க்ரூ ஆடுகிறதென்று கையிலெடுத்தான், கண்ணாடி இரண்டாயிற்று. ‘போதும்’ என்ற சொல் அவன் காதில் ஏறும், மணிக்கட்டுக்கு இறங்காது. பட்டறையில் அவன் பெயரே ‘இன்னுங்கொஞ்சம்’.

பட்டறை மனைவியின் அண்ணனுடையது. மணலிலும் சேற்றிலும் ஓடும் நாலு சக்கர ஏடிவி வண்டிகள்தான் அங்கே வரும். பன்னிரண்டு வருஷமாக எஞ்சின் வேலை அவன் பொறுப்பு. ஆனால் போன மாதம் மட்டும் இரண்டு மேனிஃபோல்டு போல்ட்டுகளை இறுக்கியே முறித்திருந்தான். எஞ்சினிலிருந்து புகையை வாங்கி வெளியே தள்ளும் குழாயின் தலைப்பகுதிதான் மேனிஃபோல்டு. போல்ட் உள்ளே முறிந்தால் மிச்சத்தைத் துளைபோட்டு எடுப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

“மாப்ளே, இன்னொன்னு முறிஞ்சுது, அடுத்த நாளே நீ வண்டி கழுவுற பக்கம். தண்ணிக் குழாயை எவ்வளவு வேணா இறுக்கிக்க,” என்றார் மச்சான். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கூடவே ஒரு டார்க் ரெஞ்சையும் கையில் திணித்தார். அளவோடு இறுகியதும் ‘டிக்’ என்று சத்தம் கொடுக்கும் ரெஞ்ச். “டிக்குன்னா கையை எடுத்துடணும்.”

அன்று காலை கடற்கரை மீட்பு அணியின் வண்டி படபடவென்று இருமிக்கொண்டே வந்தது. மேனிஃபோல்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் அமுங்கி அடைக்கும் கேஸ்கெட் தகடு கிழிந்து புகை பக்கவாட்டில் கசிந்தது. ஓட்டிவந்த லைஃப்கார்டு, வெயிலில் மூக்கு உரிந்த பெண்.

“மத்தியானத்துக்குள்ள வேணும்ணே. இது இல்லன்னா ஆளைத் தூக்க ஓடித்தான் போகணும்.”

சூட்டோடு கழற்றினால் துளைக்குள் இருக்கும் திருகுமரையும் சேர்ந்து பிய்த்துக்கொண்டு வரும். ஆற வேண்டும். அவன் வண்டியைச் சுற்றி நடந்தான். பெருக்கிய தரையையே மறுபடி பெருக்கினான். டிராயரைத் திறந்தான், மூடினான். ஆறியதும் துருவுக்கு எண்ணெய் அடித்து ஊறவிட்டான். மூன்று போல்ட்டுகள் வந்தன. நாலாவதை உப்புத்துரு விடவில்லை. கொஞ்சம் தளர்த்தி, அதில் பாதி இறுக்கி, மறுபடி தளர்த்தி, மூச்சை அடக்கிக்கொண்டே வெளியே எடுத்தான். அட்டையில் எஞ்சினை வரைந்து அதனதன் இடத்தில் நாலையும் குத்திவைத்தான்.

மரைகளைத் துலக்கி, புது கேஸ்கெட் வைத்து, முதலில் விரலால் திருகினான். பிறகு ரெஞ்ச். டிக். டிக். டிக். டிக்.

எதிரில் கைகட்டி நின்ற மச்சான், “எடு கையை,” என்றார்.

எடுத்தான். இரவல் வாங்கிய கைபோல அது தொங்கியது.

வண்டி போய்விட்டது. கைக்கு ஏதாவது வேண்டியிருந்தது. தரையில் கிடந்த கேஸ்கெட் உறையை எடுத்து மடிப்புகளை நீவினான். பின்பக்கம் பொடி எழுத்து: எஞ்சின் முதல் தடவை சூடாகி முழுதாக ஆறியபின் போல்ட்டுகளை மறுபடி சரிபார்க்கவும்.

“மச்சான், இதைப் படிங்க.”

“உனக்குன்னே அச்சடிச்ச மாதிரி இருக்கே! நீயே பிரஸ்ல குடுத்து அடிச்சியா? சும்மா இரு மாப்ளே.”

சும்மா இருக்கத்தான் வரவில்லை. நாலு மணிக்கு ரெஞ்சைத் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பினான்.

கடற்கரையில் காவல் கோபுரத்தின் நிழலில் நின்ற வண்டி அப்போதுதான் ரோந்து முடித்திருந்தது. தொட்டான், சுட்டது. மணலைக் குவித்தான், கலைத்தான், மறுபடி குவித்தான்.

“என்னண்ணே, எறும்பு கடிக்குதா? ஒரு எடத்துல உக்காருங்களேன்,” என்றாள் லைஃப்கார்டு.

ஒருவழியாக ஆறியது. இங்கே முறிந்தால் இவள் வண்டியும் போச்சு, தன் பன்னிரண்டு வருஷமும் போச்சு. ரெஞ்சை மாட்டினான். முதல் மூன்றும் தொட்டதுமே டிக்.

நாலாவது டிக் சொல்லவில்லை. நகர்ந்தது. முறியப்போகிற போல்ட்டும் இப்படித்தான் வாய் திறக்காமல் சுற்றும். நிறுத்தலாமா? கேஸ்கெட் அமுங்கியிருந்தால் இது நகரத்தான் வேண்டும். இரண்டு எண்ணமும் ஒரே மணிக்கட்டில் நின்றன. இழுத்தான். கால் சுற்று.

டிக்.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. இடது கையால் எடுத்தான்.

“மாப்ளே, ரெஞ்சைக் காணோம். கடற்கரைக்கா போயிருக்க?”

“ஒரு போல்ட் கால் சுத்து வாங்குச்சு மச்சான்.”

“முறிஞ்சுதா?”

“இல்ல. டிக்குன்னுச்சு.”

மச்சான் மூச்சு விட்டது கேட்டது. “சரி. காலையில சீக்கிரம் வா, இன்னொரு மேனிஃபோல்டு இருக்கு. நீதான் கழட்டணும்.” பிறகு சந்தேகமாக, “கையை எடுத்துட்டியா?”

அவன் குனிந்து பார்த்தான். வலது கை இன்னும் ரெஞ்சின் பிடியில்தான் இருந்தது.

“எடுத்துட்டேன் மச்சான்,” என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு விரலாக எடுத்தான்.