புடவையைப் பாயாக்கிக் கடல் தாண்டினேன்

ஜப்பான்காரன் ஆட்சிக் காலம். மலாயாவில், லுக்குட் பக்கத்துக் கடற்கரை. இன்னும் சரியாக விடியவில்லை. அங்கே இருந்தவர்கள் மூன்றே பேர்: நான், என் அம்மா, சம்பான் படகுக்குச் சொந்தக்காரரான ஒரு மலாய் மீனவர். இருந்திருக்க வேண்டியவன், ஆனால் வராதவன், என் சிநேகிதன். "செத்தாலும் உன்கூடத்தான்டா" என்று முதல் நாள் கையில் அடித்துச் சத்தியம் பண்ணியவன். வயிற்றுப்போக்காம். ஆள் விட்டுச் சொல்லி அனுப்பியிருந்தான்.

என் அக்காள் ரப்பர் தோட்டத்து லயத்தில், எங்கள் வரிசை வீட்டில், குளிர்காய்ச்சலோடு கிடந்தாள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் அந்தக் காய்ச்சலுக்கான கொய்னா மாத்திரை தீர்ந்து வெகு நாளாகிவிட்டது. எதிர்க்கரையில், சுமத்ராவில், பண்டமாற்றுக்குக் கொய்னா கிடைக்கிறது என்று மீனவர்தான் சொன்னார். அவரே போயிருப்பார், காலில் புண் வைத்து நொண்டிக்கொண்டிருந்தார். சிநேகிதனும் வராததால் தனியாகப் போவது என் தலையில் விழுந்தது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். சிரம்பானில் படிக்கும்போது, ஓர் இளைஞன் தன்னந்தனியாகப் பாய்மரப் படகில் உலகத்தையே சுற்றி வந்த கதையை வாத்தியார் சொன்னார். அதைத் தோட்டத்துக்கு வந்து வாய் ஓயாமல் சொல்லப்போய், எனக்கு 'உலகஞ்சுத்தி' என்றே பேராகிவிட்டது. "என்ன உலகஞ்சுத்தி, இன்னிக்கு எந்தத் தேசத்துல ஒட்டுப்பால் பொறுக்கினே?" என்று தோட்டத்தில் எங்களை வேலை வாங்கும் மண்டோர் கேட்காத நாளில்லை. மரப்பட்டையில் வழிந்து உறைந்து ஒட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் பால்தான் ஒட்டுப்பால். விடுமுறைகளில் மீனவரோடு போய்ப் பாய் பிடிக்கக் கற்றிருந்தேன். ஆனால் கரை கண்ணுக்கு மறையும் தூரம் ஒரு தடவையும் போனதில்லை.

ஏற்பாடுகளைச் சில நாள் முன்பே தொடங்கியிருந்தோம். மீனவரின் பாய் இற்றுப்போயிருந்தது. துணிக்கோ ஊரெல்லாம் பஞ்சம். எங்கள் வீட்டில் கட்டிக்கொள்கிற மாதிரி இருந்தவை இரண்டு புடவைகள்தான். அம்மாவுக்கு ஒன்று, அக்காளுக்கு ஒன்று. அக்காள்தான் படுத்துக் கிடக்கிறாளே என்று, அம்மா அவள் புடவையைக் கட்டிக்கொண்டு தன்னுடையதை என்னிடம் கொடுத்துவிட்டார்.

நைந்த நூல் புடவை. காற்று ஊடே போய்விடும். இங்கேதான் என் படித்த மூளை வேலை செய்தது. ரப்பரை வாங்க ஆளில்லாத காலமாதலால் பால் கேட்பாரற்றுக் கிடந்தது. புடவை முழுக்க மரத்துப் பாலைப் பூசிக் காயவைத்தேன். தட்டினால் மேளம் மாதிரி சத்தம் வந்தது. எனக்கு ஒரே பெருமை! கொய்னாவுக்குப் பதிலாகக் கொடுப்பதற்கு, புகைக்கொட்டகையில் போட்டெடுத்த ரப்பர் ஷீட்டில் செருப்புகள் அறுத்து ஒரு மூட்டை கட்டினேன். சாப்பாட்டுக்கு ஒரு பை மரவள்ளி மாவு.

"நீ முழுகினாலும் பரவாயில்லை லா, என் சம்பான் திரும்பி வரணும்" என்று புறப்படும்போது மீனவர் சிரிக்காமல் மலாயில் சொன்னார். அம்மா தனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் திருப்பிச் சொன்னார்: "அவன் வந்தாத்தான் உன் சம்பானும் வரும்."

போகும்போது காற்று அப்படி ஓர் ஒத்தாசை செய்தது. எதிர்க்கரைக் கிராமத்தில் ஆளாளுக்கு என் செருப்பைப் போட்டுக்கொண்டு மணலில் மேலும் கீழும் நடந்து பார்த்தார்கள். மூட்டை காலி. கொய்னா மாத்திரைகளை மெழுகுத்துணியில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டேன்.

மறுநாள் திரும்பும் வழியில், நடுக்கடலில், தூரத்தில் ஜப்பான் ரோந்துப் படகு. பாய் தெரிந்தால் தொலைந்தேன். சட்டென்று இறக்கி, சுருட்டி, படகுக்குள் குப்புறப் படுத்துவிட்டேன். உச்சி வெயில் முதுகைத் தீய்த்தது. இஞ்சின் சத்தம் நெருங்கியது, கொஞ்சம் தயங்கியது, பிறகு தேய்ந்து போயே போய்விட்டது.

எழுந்து பாயை விரித்தேன். விரியவில்லை.

செருப்புக்குப் புகை போட்டவன் பாய்க்குப் போடவில்லையே! புகை காணாத ரப்பர் வெயிலில் இளகி, மடிப்போடு மடிப்பு ஒட்டி, புடவை முழுவதும் ஒரே ஒட்டுப்பால் உருண்டையாகியிருந்தது. இழுத்தால் துணி கிழிகிற சத்தம். நீரோட்டம் என்னை வடக்கே கொண்டுபோய்க்கொண்டிருந்தது; ஒற்றைத் துடுப்பு அதற்கு எந்த மூலைக்கு? இடுப்பில் மருந்து இருக்கிறது, அங்கே அக்காள் கிடக்கிறாள், நடுவில் நான் ஒரு புடவையோடு மல்லுக்கட்டுகிறேன். மண்டோர் சொல்லப்போவது காதிலேயே கேட்டது: "கடல்லயும் ஒட்டுப்பால்தானாடா?" அழுகை வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

வயிற்றில் ஏதாவது போடலாம் என்று மாவுப் பைக்குள் கையை விட்டேன். வெளியே எடுத்தபோது பிசுபிசுத்த விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் வழுக்கின. அப்படியே பாயிடம் ஓடினேன். ஒரு விரற்கடை பிரிப்பது, மாவைத் தூவுவது. மறுபடி பிரிப்பது, தூவுவது. நான் தின்ன வேண்டியதையெல்லாம் பாய் தின்றது. கடைசியில் வெள்ளைவெளேரென்று பேய் மாதிரி அது மேலே ஏறி, 'பட்' என்று காற்றைப் பிடித்தது பாருங்கள், கடலே கேட்கக் கத்தினேன்!

கரையை நெருங்கும்போது சாயங்காலம். சிநேகிதன் காலையிலிருந்தே காத்திருந்தானாம். இடுப்பளவு தண்ணீரில் ஓடி வந்து கயிற்றைப் பிடித்தான்.

"வயிறு எப்படிடா இருக்கு?"

"உன்னைப் பார்த்த பிறகுதான்டா நின்னுச்சு."

மீனவர் முதலில் சம்பானைச் சுற்றிப் பார்த்தார். பிறகுதான் என்னை. பிறகு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

கொய்னா அக்காளுக்குப் போக இன்னும் சில வீடுகளுக்கும் போனது, மண்டோர் வீடு உட்பட. லயத்து வாசலில் கூடி நின்றவர்களை அவர்தான் விலக்கினார்: "ஏய், வழி விடுங்கப்பா. உலகஞ்சுத்தி வர்றாரு!"

அக்காள் பிழைத்து எழுந்தாள். ஆனால் பாயாகிப் போன புடவை மறுபடி புடவையாகவில்லை. ஜப்பான் சண்டை முடிகிற வரை அம்மாவுக்கும் அக்காளுக்கும் ஒரே புடவை. ஒருவர் அதைக் கட்டிக்கொண்டு வெளியே போனால், மற்றவர் கிழிசலைச் சுற்றிக்கொண்டு கதவுக்குப் பின்னால் இருப்பார். துணி வரத் தொடங்கிய பிறகு, ஒருநாள் இருவரும் சேர்ந்தாற்போல் கோயிலுக்குப் புறப்பட்டார்கள். நான் பின்னால் நடந்தேன். தனியாகக் கடல் தாண்டியவன் என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குப் பெருமைதான். ஆனால் அந்தப் பயணத்துக்கு ஆன மொத்தச் செலவு ஒரு புடவை, அதைத் தந்தது கதவுக்குப் பின்னால் மாறி மாறி இருந்த அவர்கள் இருவரும்.