சுருட்டுக்கடைச் சிங்களம்

சுன்னாகம் சந்தையில் வெங்காயம் இறக்கிக்கொண்டு நின்றபோது அக்காவின் அயலவர் சைக்கிளில் வந்து சொன்னார்: "தம்பி, உம்மடை அத்தான் விடியப்புறம் மோசம் போயிட்டார்." சண்டையால் பாதை பூட்டி, சலரோகக்காரருக்குக் கப்பலில் இன்சுலின் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை என்ற காலம் இது. அத்தானுக்கு வரவில்லை.

நீர்வேலியில் இராசையா அத்தானை நீங்கள் வாழைத்தோட்டத்தில் கண்டிருப்பீர்கள். வாய் திறக்காத மனிதர் என்பீர்கள். அது பிற்காலத்து அத்தான். அதற்கு முன் பதினெட்டு வருடம் தெற்கே ஒரு சிங்களக் கிராமத்தில் சுருட்டுக்கடை வைத்திருந்தவர். அவரோடு கதைப்பதற்கென்றே ஆட்கள் கடைக்கு வருவார்களாம். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் கடை எரிந்தது. உடுத்த சாரத்தோடு கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கினார். நாங்கள் கடைப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவார்.

அடுத்த வருடம் எனக்குப் பொலிஸ் வேலைக்கு நேர்முகப் பரீட்சைக் கடிதம் வந்தது. இயக்கங்கள் தமிழ்ப் பொலிஸ்காரரைத் துரோகி என்று சுட்ட அந்த நேரத்தில் அது எப்படிப்பட்ட வேலை என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. என்னைப் பெற்ற ஐயா படுக்கையில் கிடந்தார். எனக்குக் கீழே இரண்டு தங்கச்சிமார். ஆபத்துக்குப் பாவமில்லை என்று அம்மாவே சொல்லிவிட்டார். ஆனால் எனக்குச் சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது. அக்காதான் அத்தானிடம் கேட்டார்: "அவனுக்கு நாலு சொல்லுச் சொல்லிக் குடுங்கோவன்." அத்தான் மறுநாள் காலை வாழைப் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறிக்கொண்டே தொடங்கினார்.

"தம்பி, சிங்களத்திலை 'என்ன' எண்டால் 'வாங்கோ' எண்டு அர்த்தம். நாங்கள் சண்டைக்குக் கேக்கிற 'என்ன' இல்லை."

மூன்று கிழமை படித்தேன். உப்பு, தேயிலை, மழை, நாளைக்கு, நல்ல சாமான் எல்லாம் வந்தன. பொலிஸ் அதிகாரி மாதிரிக் கேள்வி கேளுங்கள் என்றால் மட்டும் அவருக்கு வராது. கடையின் உள்பக்கம் நின்றே பழகியவர். அவருக்குத் தெரிந்த கேள்வி ஒன்றுதான்: "மொனவாத ஓனே, மஹத்தயா?" 'என்ன வேணும், ஐயா?' என்று அர்த்தம். அதைச் சொல்லும்போது அவர் முகம் மலர்ந்துவிடும். "முகத்தைப் பாத்துக் கதையும். மரியாதையாக் கதைச்சால் ஆரும் மனிசர்தான்" என்பார். கடையைப் பறிகொடுத்தவர் இப்படிச் சொல்கிறாரே என்று எனக்கு எரிச்சல்கூட வந்ததுண்டு.

கொழும்பில் மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் என்னை இருக்கச் சொன்னார். பதற்றத்தில் வாய்க்குப் பழகியதுதான் வந்தது: "மொனவாத ஓனே, மஹத்தயா?" மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தெற்கில் யாழ்ப்பாணத்தான் என்றாலே சுருட்டுக்கடைதான்; சுருட்டு விற்க வந்தாயா என்று ஒருவர் கேட்டார்.

சிரிப்பு அடங்கியதும், சிங்களம் படிப்பித்தது யார் என்று எனக்கு விளங்கும்படி மெதுவாகச் சிங்களத்திலேயே கேட்டார் நடுவில் இருந்தவர். அத்தான், கடை வைத்திருந்தவர் என்றேன். அந்தக் கடைக்கு என்ன நடந்தது என்று கேட்டார். எரிந்தது என்பதற்கான சொல்லை அத்தான் எனக்குச் சொல்லித் தரவில்லை. எனக்குத் தெரிந்தது "கடே வஹலா", கடை பூட்டியிருக்கு. அதைச் சொன்னேன். சுருட்டு விற்க வந்தாயா என்று கேட்டவர் தலையைக் குனிந்துகொண்டார். நடுவில் இருந்தவர் என் விண்ணப்பத்தை மடித்து வைத்துவிட்டுப் போகச் சொன்னார்.

வேலை கிடைக்கவில்லை. கோபம் முழுவதையும் அத்தான்மேல் கொட்டினேன்.

"உங்கடை சுருட்டுக்கடைச் சிங்களம் அவங்களுக்குச் சிரிக்கத்தான் உதவினது."

"ஓம் தம்பி. எனக்கு அவ்வளவுதான் தெரியும்" என்றார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனவர் நின்று திரும்பினார். "கடையைப் பற்றி ஏதும் கேட்டவங்களோ?"

"இல்லை" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், அவருக்கு நோக வேண்டும் என்றுதான். வேறு காரணம் தேடி என்னை நல்லவனாக்க மாட்டேன். அதற்குப் பிறகு அவர் சிங்களத்தில் ஒரு சொல் சொல்லி நான் கேட்டதில்லை. தமிழிலும் பேச்சுக் குறைந்துபோனது.

செத்தவீட்டில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "'தம்பி கொழும்புமட்டும் போனவன், அங்கையும் எங்கடை கடையைப் பற்றி ஒருத்தரும் கேக்கேல்லையாம்' எண்டு உன்ரை அத்தான் அடிக்கடி சொல்லுவாரடா."

சுன்னாகத்திலிருந்து நீர்வேலிக்குச் சைக்கிளில் போகப் பெரிய நேரம் எடுக்காது. இத்தனை வருடத்தில் ஒரு காலையாவது போய்ச் சொல்லியிருக்கலாம். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது ஐம்பது அறுபது சிங்களச் சொற்களும், நான் அவருக்குச் சொன்ன அந்த ஒரு "இல்லை"யும்தான்.

கேட்டார்கள், அத்தான். கேட்ட பிறகு அவர்கள் சிரிக்கவில்லை.